கேட்டதும் கேளாததும்

ஐப்பசி மழைக்கு முன்னால் கொத்தனாரை வீட்டுக்குக் கூப்பிடுகிறோம். மாடியில் தட்டோடு விரிசல் விட்டிருக்கிறது. கூடத்தில் சரியாகச் சுவாமி படத்துக்கு மேலே ஒழுகுகிறது. "இதை அடைச்சுக் கொடுப்பா" என்கிறோம். அவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "அடைச்சுடலாம் ஸார். அப்படியே மாடிப் படியையும் கிழக்கே மாத்திப் போட்டுடறேன். பார்க்க லட்சணமா இருக்கும்" என்கிறார். வேண்டாம் என்று சொல்லுகிறோம். அவரும் வருத்தப்படாமல் ஒழுகலை அடைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறார்.

இதையே கொஞ்சம் மாற்றி நினைத்துப் பாருங்கள். கொத்தனார் நம்மைக் கேட்கவே இல்லை. இரவோடு இரவாக வந்து விரிசலையும் அடைத்து, படியையும் கிழக்கே மாற்றிவிட்டுப் போய்விட்டார். காலையில் துவைத்த துணி வாளியும் கையுமாக, பழைய வழக்கப்படி மேற்கே காலை வைக்கிறீர்கள். அங்கே படி இல்லை! கொத்தனாரைப் பிடித்துக் கேட்டால், "ஒழுகல் நின்னுதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்கிறார். நின்றது வாஸ்தவம். புதுப் படியும் பழையதைவிட அழகாகவே இருக்கிறது. ஆனாலும் ஏதோ ஓர் அநியாயம் நடந்துவிட்டதாகத் தோன்றுகிறதே, அது என்ன?

கடைகளிலும் கம்பெனிகளிலும் கணக்கெழுத, சம்பளம் போட, சரக்கிருப்புப் பார்க்க என்று கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள்களுக்கு அவ்வப்போது 'அப்டேட்' என்று ஒன்று வந்து சேருகிறதல்லவா? அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கதைக்காரனுக்கு யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதில் எப்போதும் ஒரு கண் உண்டு. இந்த அப்டேட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேறு காரியங்கள் குடியிருக்கின்றன. ஒன்று, உள்ள பழுதை நீக்குவது. மற்றொன்று, இல்லாத வசதியைச் சேர்ப்பது. இரண்டும் ஒரே பொட்டலத்தில் கட்டப்பட்டு வருகின்றன.

தொழில் தெரிந்தவர்கள் இரண்டையும் பிரித்து அறிய ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். மென்பொருளின் பெயருக்குப் பின்னால் 4.2.1 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். கடைசி எண் மட்டும் கூடி 4.2.2 ஆனால், பழுது நீக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நடு எண் கூடி 4.3 ஆனால், புது வசதி ஏதோ வந்திருக்கிறது. முதல் எண்ணே மாறி 5 ஆகிவிட்டால், பழைய பழக்கத்தில் சிலவற்றை மறந்துவிடத் தயாராகவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாக் கம்பெனியும் இதை அனுசரிப்பதில்லை. அனுசரிக்கிறவர்களும் எப்போதும் நேர்மையாக அனுசரிப்பதில்லை. பஞ்சாங்கம் இருப்பதனால் எல்லோரும் ராகுகாலம் பார்த்தா கிளம்புகிறார்கள்?

பழுது நீக்குவதற்கு அவர்கள் 'பாட்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒட்டுப் போடுவது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு வேண்டிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுக் கொடுப்பார்கள். துளை தவறாக விழுந்துவிட்டால் அந்த இடத்தை வெட்டியோ மறைத்தோ, வேறு காகிதத்தை ஒட்டுவார்கள். பேர் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு இந்தப் பேர் பிடித்திருக்கிறது. கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுகிறவர் வேட்டியின் கரையை மாற்றமாட்டார்.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஐம்பதைத் தாண்டியவர், ஒரு பைசா தள்ளினால் தூக்கம் வராதவர். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது உண்மையிலேயே ஒரு பைசாதான். 1,499 ரூபாய்ப் புடவைக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. என்றால் 74 ரூபாய் 95 பைசா. இதை மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி என்று பிரிக்கவேண்டும். பாதி என்பது 37 ரூபாய் 47½ பைசா. அரைப் பைசாவை ஏற்றி 37.48 என்று இரண்டு பக்கமும் போட்டால் கூட்டுத்தொகை 74.96 ஆகிறது. ஒரு பைசா அதிகம்! கடையின் மென்பொருள், பில்லில் ஒரு விதமாகவும் மாதாந்திரக் கணக்கில் இன்னொரு விதமாகவும் அந்த அரைப் பைசாவைக் கையாண்டது. நாளைக்கு நூற்றுக்கணக்கான பில். மாதக் கடைசியில் எதுவும் எதனோடும் ஒத்துப்போகாது.

அவர் மென்பொருள் கம்பெனிக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். போன் பண்ணினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு, தீபாவளிக்கு முந்தின வாரத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில், அந்தப் பிழை தீர்ந்து வந்தது. கூடவே திரை முழுவதும் மாறி வந்தது. பில் போடும் பக்கத்தில் இடப்புறம் இருந்தவை வலப்புறம் போயிருந்தன. எட்டு சாவிகளை அழுத்திச் செய்த காரியங்களுக்குப் படம் போட்ட பொத்தான்கள் வந்திருந்தன. மேலே வண்ண வண்ணமாக, இன்று எத்தனை விற்பனை என்று காட்டும் வட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

"ஸார், நான் கேட்டது ஒரு பைசா. அதைக் கொடுத்தான். நான் கேட்காதது பத்து லட்சம் பெறும், அதையும் கொடுத்தான். ரெண்டையும் சேர்த்து வாங்கினாத்தான் உண்டுன்னான்" என்றார் நண்பர்.

மண்ணெண்ணெய் வாங்கவேண்டுமானால் உப்புப் பாக்கெட்டும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று ரேஷன் கடையில் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்! உப்பு கெட்ட பொருள் அல்ல. நாளைக்கு வேண்டியிருக்கும். ஆனால் வேண்டியதைப் பணயம் வைத்து வேண்டாததைக் கையில் திணிக்கும்போது உப்பும் கசந்துவிடுகிறது.

அன்று கடையில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். என்னுடைய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

பில் போடும் இடத்தில் எட்டு வருஷமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பத்தாவது வரை படித்தவள். சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவள் திரையைப் பார்த்து பில் போட்டதே இல்லை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, விரல்கள் தாமாக ஓடும். பண்டிகைக் கூட்டத்தில் முதலாளி அவளைத்தான் முதல் மேஜையில் உட்காரவைப்பார். அந்த வேகம் அவளுக்கு யாரும் கொடுத்தது அல்ல. நான்காயிரம், ஐயாயிரம் என்று மாலை மாலையாகப் போட்ட பில்களில் அவள் சேர்த்துவைத்த சொத்து. சம்பள உயர்வு கேட்கும்போது அவளிடம் இருந்த ஒரே ஆதாரமும் அதுதான்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தச் சொத்து போய்விட்டது. விரல் பழைய இடத்துக்குப் போனது. அங்கே வேறு ஏதோ திறந்தது. வரிசை நீண்டது. யாரோ ஒருவர், "வேற ஆளைப் போடுங்கப்பா" என்று சத்தம் போட்டார். அதற்கு முந்தின வாரம் வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் பக்கத்து மேஜையில் இருந்தான். அவனுக்குப் பழையதும் தெரியாது, புதியதும் தெரியாது. ஆகவே அவன் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்திப் பில் போட்டுக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் அவளும் அவனும் சமமாகிவிட்டார்கள்.

மென்பொருள் கம்பெனியில் ஒருவருக்கும் இது தெரியாது. அவர்கள் கொடியவர்கள் அல்ல. புதிதாக வருகிறவர்கள் சுலபமாகக் கற்றுக்கொள்ளவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்தார்கள். அந்தப் பையனைக் கேட்டால் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்லுவான். ஆனால் அவளிடமிருந்து ஒன்றை எடுத்துத்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்தபோது அவளைக் கேட்கவில்லை என்பது மட்டும் அல்ல. எடுக்கிறோம் என்பதே எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை.

பழுது நீக்குவதில் இந்தச் சங்கடம் பெரும்பாலும் வருவதில்லை. பழுது நீக்குவது கடனைத் திருப்பிக் கொடுப்பது. கணக்கைச் சரியாகப் போடும் என்று சொல்லித்தான் விற்றார்கள், போடவில்லை, இப்போது போட வைக்கிறார்கள். அதற்கு வாங்கினவனின் அனுமதி வேண்டியதில்லை. கொடுத்த கடன் திரும்பி வரும்போது யாரும், "என்னைக் கேட்டுக்கொண்டா கொடுக்கிறாய்?" என்று கோபித்துக்கொள்வதில்லை. புது வசதி அப்படி அல்ல. அது ஒரு யோசனை. நல்லெண்ணத்தோடு வரும் சம்பந்தம் மாதிரி. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் இரண்டு பேரும் சரி என்று சொன்னால்தான் தாம்பூலம் மாற்றலாம். கடனை அடைக்கிற சாக்கில் சம்பந்தத்தையும் முடித்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

இதைப் பணத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் இந்த மென்பொருளை விலைக்கு வாங்கியதோடு விடுவதில்லை. வருஷா வருஷம் பராமரிப்புக்கென்று ஒரு தொகை கட்டுகின்றன. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. கம்பெனி, பல வாடிக்கையாளர்களிடம் விலையில் 17 சதவிகிதமாக இருந்த இந்தக் கட்டணத்தைப் படிப்படியாக 22 சதவிகிதம் ஆக்கப்போவதாக 2008-ல் அறிவித்தது. கோடி ரூபாய்க்கு வாங்கினவர் வருஷம் 22 லட்சம் கட்டவேண்டும். ஐந்தாவது வருஷத்தில் இன்னொரு முறை முழு விலையையும் கொடுத்து முடித்திருப்பார். வாடிக்கையாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். 2010-ல் பழைய மாதிரிக் குறைந்த கட்டணத் திட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி இறங்கி வந்தது. அந்த எதிர்ப்பின் சாரம் என்னவென்று நான் புரிந்துகொண்டது இதுதான்: "கடனைத் திருப்பிக் கொடுப்பதற்கே எங்களிடம் கட்டணம் வாங்குகிறாய். அதை ஒப்புக்கொள்ளுகிறோம். நாங்கள் கேட்காத புதுமைகளுக்கும் சேர்த்து வாங்காதே."

இவ்வளவையும் நான் அடையாறு காந்தி நகரில் இருக்கும் என் சிநேகிதரின் பிள்ளையிடம் சொன்னேன். தரமணியில் இப்படிப்பட்ட மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். கெட்டிக்காரன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, கதையா நன்னா இருக்கு" என்றான்.

"கதையாக மட்டுமா?"

"பழுதை மட்டும் தனியாக் கொடு, வசதியைத் தனியாக் கொடுன்னு சொல்றேள். சரி. பத்து வசதி பண்றோம்னு வெச்சுக்கோங்கோ. ஒவ்வொரு கடையும் இது வேணும், அது வேண்டாம்னு சொன்னா, எத்தனை விதமான சாஃப்ட்வேர் உலகத்திலே ஓடும் தெரியுமா? 1,024 விதம். நாளைக்கு ஒரு பழுது வந்தா அந்த 1,024 விதத்திலேயும் சோதிச்சுப் பார்க்கணும். யார் பார்க்கறது? எல்லாரும் ஒரே மாதிரி வெச்சிண்டிருந்தாத்தான் உங்க நண்பரோட அரைப் பைசாவை நான் சரி பண்ண முடியும்."

கையில் காகிதம் எடுத்து இரண்டு, நாலு, எட்டு என்று பெருக்கிப் பார்த்தேன். பத்தாவது தடவை 1,024 வந்தது. பையன் சொன்னதில் தப்பில்லை. பழுது நீக்குகிறவனுக்கும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. தவிர, மென்பொருள் அம்மிக்கல் மாதிரி இருந்த இடத்தில் இருக்கக்கூடிய வஸ்துவும் அல்ல. மேயர் லேமன் என்ற அறிஞர் 1974-லேயே இதைச் சொல்லிவிட்டார்: உலகத்தில் புழங்குகிற மென்பொருளை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு நாள் அது பயன் குறைந்துபோகும். மென்பொருள் தேய்வதனால் அல்ல. அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடுவதனால். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முந்தின நாள் வரை சரியாக ஓடிய கணக்கு மென்பொருள் எல்லாம் மறுநாள் காலையில் தப்பாகிவிட்டன. அதில் பழுது என்று சொல்லவும் ஒன்றுமில்லை. வசதி என்று சொல்லவும் ஒன்றுமில்லை. சட்டம் மாறியது, அவ்வளவுதான்.

பழுது எது, வசதி எது என்பதிலேயே சண்டை வருவதும் உண்டு. கம்பெனிச் சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும், என்றைக்குத் திருத்தப்பட்டது என்பதையும் பதிந்துவைக்கவேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்கமுடியாதபடி இருக்கவேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. அதற்கு முன்னால் பழைய வவுச்சரைத் திறந்து தொகையை மாற்றிவிட்டுச் சத்தமில்லாமல் மூடிவிடலாம். அது சௌகரியமா, ஓட்டையா? கணக்கு எழுதுகிறவரைக் கேட்டால் சௌகரியம். ஆடிட்டரைக் கேட்டால் ஓட்டை. என் நண்பரின் கடை பிரைவேட் லிமிடெட். அந்த மாற்றம் வந்தபோது அவரும் முணுமுணுத்தவர்தான். "கை தவறி அடிச்சதுக்கெல்லாம் சாட்சி வெச்சா எப்படி ஸார்?" என்றார். ஆனால் இங்கே அவர் சம்மதம் தேவையில்லை என்று நான் நினைக்கிறேன். கணக்கு அவர் ஒருவருக்காக எழுதப்படுவதில்லை. பங்குதாரர், கடன் கொடுத்த பாங்கி, வரி வாங்கும் அரசு என்று அவர் முகம் பார்க்காத பேர்வழிகளுக்கும் அதில் பாத்தியதை உண்டு. அவர்களுக்குப் பட்ட கடன் அந்தத் திருத்தத்தால் தீர்ந்தது. ஆகவே ஒரு மாற்றம் கடனா யோசனையா என்று கேட்கும்போது, யாருக்கு என்ற கேள்வியையும் கூடவே கேட்டாகவேண்டும்.

என் தொழிலிலும் இது உண்டு. என்னுடைய நாவல் ஒன்று இரண்டாம் பதிப்புக்குப் போனபோது, அச்சுக்கோப்பில் ஒரு மாமனார் மாமியாராகிவிட்டிருந்ததைப் பதிப்பாளர் காட்டினார். திருத்தினோம். முதல் பதிப்பை வாங்கின வாசகரும் அதற்குச் சந்தோஷப்படுவார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் அது. பிறகு பதிப்பாளர் தலையைச் சொறிந்துகொண்டே, "அந்தப் பெண் கடைசியிலே செத்துப்போறது நிறைய பேருக்கு வருத்தமா இருக்கு. பிழைக்க வெச்சுடலாமே" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தச் சாவுக்காக அழுதவர்கள் இருக்கிறார்கள். அந்த அழுகை அவர்களுடையது. நான் எப்படி அதில் கை வைப்பேன்? பிழைக்கவேண்டுமானால் வேறு பெயரில் வேறு நாவலில் பிழைத்துக்கொள்ளட்டும்.

புத்தகம் வாங்கினவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் நினைத்தாலும் அதைத் தொட முடியாது. முன்பு மென்பொருளும் அப்படித்தான் இருந்தது. தட்டில் வரும், ஆள் வந்து போட்டுவிட்டுப் போவார். இப்போது பெரும்பாலும் அது விற்றவருடைய கம்ப்யூட்டரிலேயே இருந்துகொண்டு, கம்பி வழியாகக் கடையில் வேலை செய்கிறது. வாங்கினவருக்கு வேண்டாம் என்று சொல்ல வாசல்கூட இல்லை.

பழுது நீக்குகிறவர்களுக்கு இந்த ஊர் பட்டிருக்கும் கடனையும் சொல்லிவிடுகிறேன். 1960-களிலும் 70-களிலும் கம்ப்யூட்டரில் இடம் வெகு விலை. ஆகவே வருஷத்தை எழுதும்போது 19-ஐ விட்டுவிட்டுக் கடைசி இரண்டு எண்களை மட்டும் எழுதினார்கள். 2000 பிறந்தால் 00 ஆகும். இயந்திரம் அதை 1900 என்று நினைக்கும். 1935-ல் பிறந்த மனிதருக்கு வயது மைனஸ் 35 என்று போடும்! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அலறின. இதைத் திருத்துவதற்குக் கோடிக்கணக்கான வரிகளைப் படித்துப் பார்க்கவேண்டும். நம் நாட்டுக் கம்பெனிகள் எடுத்துச் செய்தன. சென்னையிலும் ஏராளமான இளைஞர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து வேறு யாரோ முப்பது வருஷத்துக்கு முன் எழுதிவைத்த 'கோபால்' மொழி வரிகளில் இரண்டு எண்களை நான்காக்கினார்கள். நம்ம கோபால் அல்ல, கம்ப்யூட்டர் பாஷை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் அந்த ஒட்டு வேலையில் வந்த சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட்டுகள் இன்றும் இருக்கின்றன. தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் 2000-ல்தான்.

1999 டிசம்பர் 31 நள்ளிரவு வந்தது, போயிற்று. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "எல்லாம் புரளி, பணம் பறிக்க வழி" என்றார்கள். பழுது நீக்குகிறவனின் விதி அது. நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. புது வசதிக்குத்தான் ரிப்பன், மேளம் எல்லாம். கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை 2019 நவம்பரில் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. நான்கூட மாலையில் நடந்து அனுபவிப்பதுண்டு. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள் கணக்காகத் தண்ணீர் நின்றது. மாம்பலம் கால்வாயில் கிடந்த கட்டட இடிபாடுகளும் அதற்கு ஒரு காரணம் என்று அப்போது சொன்னார்கள். கால்வாயில் தூர் வாரினதற்கு யாராவது குத்துவிளக்கு ஏற்றி நான் பார்த்ததில்லை.

மென்பொருள் கம்பெனிகளுக்கு உள்ளேயும் இதே மனோபாவம்தான் என்று தரமணிப் பையன் சொல்லுகிறான். புது வசதி செய்தவனுக்குப் பதவி உயர்வு. பழுது நீக்கியவனுக்கு அடுத்த பழுது. அதனால்தான், பழுதைத் தனியாக அனுப்பினால் கம்பெனி ஒன்றும் செய்யவில்லை என்று வாடிக்கையாளர் நினைத்துவிடுவார் என்று பயந்து, வண்ண வட்டத்தையும் கூடவே கட்டி அனுப்புகிறார்களாம்.

இரண்டையும் சேர்த்துக் கட்டுவதால் வரும் பெரிய தீங்கு இனிமேல்தான் இருக்கிறது. ஒரு தடவை சூடு கண்ட என் நண்பர் அதற்குப் பிறகு எந்த அப்டேட்டையும் கிட்டே சேர்ப்பதில்லை. தள்ளிப்போட வழி இருக்கும் இடத்தில் எல்லாம், "பின்னால் பார்க்கலாம்" என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார். அவரைப் போலப் பல்லாயிரம் பேர். 2017 மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் விண்டோஸில் இருந்த ஓர் ஆபத்தான ஓட்டைக்கு ஒட்டு வெளியிட்டது. மே 12-ஆம் தேதி அந்த ஓட்டை வழியாகவே 'வான்னாக்ரை' என்ற விஷம் புகுந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் சுமார் 19,000 நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நாட்களை ரத்து செய்தன. மருந்து இரண்டு மாதமாகக் கையில் இருந்தது, சாப்பிடாமல் வைத்திருந்தார்கள். ஆள் போதாமை, அசட்டை என்று காரணங்கள் பல இருந்திருக்கும். மருந்தோடு எது கலந்து வருமோ என்ற பயமும் அவற்றில் ஒன்றாக இல்லாமல் இருக்குமா?

பயம் அர்த்தமற்றது என்றும் சொல்வதற்கில்லை. ஐ.பி.எம். கம்பெனியில் மிகப் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய ஃபிரெடெரிக் புரூக்ஸ் என்பவர், ஒரு பழுதை நீக்கும்போது இன்னொரு பழுது உண்டாக நூற்றுக்கு இருபதிலிருந்து ஐம்பது வரை வாய்ப்பு இருக்கிறது என்று 1975-ல் எழுதினார். 2024 ஜூலை 19-ஆம் தேதி க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய சின்ன அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. விமான நிலையங்களில் கையால் எழுதிய சீட்டைக் கொடுத்துப் பிரயாணிகளை அனுப்பினார்கள். வசதியும் அல்ல, வண்ணமும் அல்ல. காவலுக்கு வந்ததே காலை வாரிவிட்டது.

சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் ஸோஹோ கம்பெனியின் மேனேஜ் எஞ்சின் என்ற பிரிவு, பிற கம்பெனிகளின் ஒட்டுகளை உரிய இடத்தில் கொண்டு சேர்ப்பதற்கென்றே ஒரு மென்பொருள் செய்து விற்கிறது. ஒட்டுகளுக்கென்று ஒரு தபால்காரர்! 2021 செப்டம்பரில் அந்தப் பிரிவின் வேறொரு பொருளிலேயே ஓட்டை தெரிந்து, அவசரமாக ஒட்டு வெளியிட்டார்கள். உடனே போட்டுக்கொள்ளும்படி அமெரிக்க அரசாங்கமும் எச்சரித்தது. வைத்தியருக்கும் ஜுரம் வரும்தானே. இதில் கேலிக்கு இடமில்லை. ஓட்டை இல்லாத மென்பொருளை இதுவரை யாரும் எழுதவில்லை. ஓட்டை இருக்கிறது என்று சொல்லி அடைக்கிறவரைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. அவர் அடைக்க வந்தேன் என்று சொல்லி அடைத்துவிட்டு மட்டும் போகிறவராக இருந்தால், அடுத்த தடவை நள்ளிரவிலும் கதவைத் திறப்போம்.

"சரி, 1,024 விதம் முடியாது. இரண்டு விதம் முடியுமா?" என்று பையனைக் கேட்டேன். "பழையதோடு இருக்கிறவர்களுக்குப் பழுது மட்டும். புதியது வேண்டும் என்பவர்களுக்குப் புதியது. தீபாவளி கழித்து அவரவர் வசதிப்படி மாறிக்கொள்ளட்டும்."

"எத்தனை நாளைக்கு மாமா?"

நல்ல கேள்வி. என்றென்றைக்கும் என்று சொல்லமாட்டேன். தச்சர் செய்த நாற்காலிக்கு அவர் பேரன் காலம் வரை ஆணி அடித்துத் தரவேண்டும் என்று கேட்க முடியுமா? விண்டோஸ் 10-க்குப் பொதுவாகக் கிடைத்துவந்த இலவச ஒட்டு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அது வெளிவந்தது 2015-ல். எஸ்.ஏ.பி. தன் பழைய மென்பொருளுக்கு 2027 முடிவு வரை என்று 2020-லேயே சொல்லிவைத்தது. நாளைச் சொல்லிவிடுகிறார்கள், அது மரியாதை. ஆனால் அந்த நாள் வந்ததும் யோசனை கட்டளையாக மாறிவிடுகிறது என்பதையும் மறப்பதற்கில்லை. திருடன் புகும் ஓட்டையை மட்டும் அதற்குப் பிறகும் அடைத்துத் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பையன் அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்றான். இருவரும் அதில் உடன்படவில்லை.

"இரண்டு விதம் முடியலாம், மானேஜர் சம்மதிக்கணும்" என்று கடைசியில் ஒத்துக்கொண்டான். 

"அதற்குச் சம்மதம் கிடைக்கிறவரையில் ஒன்று செய்யேன். அப்டேட்டோடு, 'சில பிழைத்திருத்தங்களும் மேம்பாடுகளும்' என்று ஒரு வரி வருகிறதே, அதை யார் எழுதுகிறார்கள்?"

"நான்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம், கிளம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலே."

"எது பிழை, எது மேம்பாடு என்று பிரித்து எழுதக்கூடாதா? எந்தப் பொத்தான் எங்கே போயிற்று என்று இரண்டு வரி?"

"எழுதலாம். யார் மாமா அதையெல்லாம் படிக்கப்போறா?"

நண்பரின் கடை விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். பில் போடும் மேஜை உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் என்றும் சொன்னேன்.